வடசென்னை ஒரே ஊர் இல்லை: உங்க பேட்டை எப்படி உருவாச்சு?

#1 பழையவண்ணை

வடசென்னைன்னு ஒரே பேருக்குள்ள எல்லாத்தையும் அடைச்சுடறாங்க. படத்துல காட்டினா ஒரு குப்பம், ஒரு கத்தி, ஒரு கேரம் போர்டு. செய்தியில வந்தா ஒரு வெட்டுக்குத்து. ராயபுரத்துல பொறந்தவனும், வியாசர்பாடியில வளர்ந்தவளும், சௌகார்பேட்டையில கடை வெச்சிருக்கறவரும் ஒரே ஜாடையில இருப்பாங்கன்னு வெளியில இருக்கறவங்க நிஜமாவே நம்பறாங்க. ரொம்ப நாளா மனசை உறுத்தற விஷயம் இது. அதான் இந்த இழை.

எங்க பேட்டையில இருந்து ஆரம்பிக்கறேன். 1639ல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் இங்க இடம் வாங்கினதே துணிக்காகத்தான். நெசவு, சாயம், வெளுப்பு எல்லாம் கோட்டைக்குக் கிட்டயே நடக்கணும். தறியில இருந்து வர்ற துணியைக் கப்பல்ல ஏத்தறதுக்கு முன்னாடி வெளுக்கணும். அதுக்குத் தண்ணி வேணும், வெயில் படற திறந்தவெளி வேணும். அந்த வேலைக்கு வந்து குடியேறினவங்களாலதான் வண்ணாரப்பேட்டை உண்டாச்சு. நெசவாளிங்களுக்காக 1734ல சுங்குராமா தோட்டத்துல சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கினாங்க. அதுக்கும் முன்னாடியே திருவொற்றியூர்ப் பக்கம் கவர்னர் காலெட் நெசவாளிங்களைக் குடிவெச்ச இடம் காலடிப்பேட்டை. வேலை ஒண்ணு, பேட்டை ஒண்ணுன்னு இருந்திருக்கு.

இன்னைக்கும் எம்.சி. ரோட்டுல தீபாவளிக்கு முன்னாடி காலை வெச்சுப் பாருங்க. கம்பெனி போயி எவ்வளவோ காலம் ஆச்சு, துணி மட்டும் இந்தப் பேட்டையை விட்டுப் போகலை.

உங்க பேட்டைக்கு முதல்ல யாரு வந்தாங்க, எதுக்கு வந்தாங்க, இப்போ என்ன மிச்சம் இருக்குன்னு எழுதுங்க. ரவுடிக் கதை மட்டும் தயவுசெஞ்சு வேண்டாம். அதை எழுத நிறைய பேர் இருக்காங்க.

#2 மடிப்பாக்கம்

நான் சென்னைக்கு வந்து பன்னெண்டு வருஷம் ஆகுது. பாரிமுனைக்குப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கவும் எவர்சில்வர் வாங்கவும்தான் வந்திருக்கேன். எனக்கு எல்லாத் தெருவும் ஒரே நெரிசலாத்தான் தெரிஞ்சுது. உள்ளே தனித்தனி ஊரா இருக்குன்னா அதை எப்படிக் கண்டுபிடிக்கறது?

#3 மண்ணடி_600001

@மடிப்பாக்கம் மேல இருக்கற போர்டைப் பார்க்காதீங்க சகோ, கடை வாசல்ல இறங்கற மூட்டையைப் பாருங்க. ஆண்டர்சன் தெருவுல பேப்பர், கல்யாணக் கார்டு. கோடவுன் தெருவுல துணி. பத்ரியன் தெருவுல பூ. தேவராஜ முதலி தெருவுல கண்ணாடி, பிளாஸ்டிக். நைனியப்ப நாயக்கன் தெருவுக்குள்ள நுழைஞ்சா கெமிக்கல் வாடை. ராசப்ப செட்டி தெருவுல சுக்கும் திப்பிலியும். கண்ணைக் கட்டி விட்டாலும் எங்க ஆளுங்க தெருவைச் சொல்லிடுவாங்க.

இப்போ ஜார்ஜ் டவுன்னு சொல்ற இந்த இடம் முதல்ல இவ்வளவு நெரிசலான ஊர் இல்லை. இந்திய ஜனங்க இருந்த பழைய கறுப்பர் நகரம் கோட்டை மதிலை ஒட்டி இருந்துச்சு. 1746ல பிரெஞ்சுக்காரன் கோட்டையைப் பிடிச்சான், 1749ல திரும்ப வந்துச்சு. அடுத்த தடவை எவனும் வீடுகளுக்குப் பின்னாடி ஒளிஞ்சு கோட்டையைச் சுடக் கூடாதுன்னு இங்கிலீஷ்காரன் அந்த ஊரையே இடிச்சுத் தள்ளிட்டான். இப்போ ஹைகோர்ட் நிக்கறது அந்த மண்ணுல. ஜனங்க வடக்கே நகர்ந்து முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைன்னு நிறைஞ்சாங்க. ஜார்ஜ் டவுன்ங்கற பேரு 1911லதான் வந்துச்சு.

எங்க மண்ணடியைப் பத்திச் சொல்லணும்னா, ஒரு ஃபர்லாங்குக்குள்ள எத்தனை பேர் வந்து போயிருக்காங்க! அர்மீனியன் தெருவுல அர்மீனியர் கோயில், இப்போ இருக்கற கட்டடம் 1772. உலகத்துலயே முதல் அர்மீனிய மொழிப் பத்திரிகை, 'அஸ்தரார்', 1794ல நம்ம மெட்ராஸ்லதான் அச்சாச்சு. அதை நடத்தின பாதிரியார் ஹரூத்யூன் ஷ்மவோனியனோட கல்லறை அந்தக் கோயில் வளாகத்துலயே இருக்கு. பவளக்காரத் தெருவுல யூத வியாபாரிங்க இருந்தாங்க, பவளத்தைக் கொண்டுவந்து வைரத்தைக் கொண்டுபோனாங்க. பின்னாடி அதே தெருவுல நகரத்தார் விடுதியும் பெட்டகங்களும் வந்துச்சு. அர்மீனியரும் இல்லை, யூதரும் இல்லை. தெருவுக்குப் பேரும் கல்லறையும் இருக்கு.

நாங்க, அதாவது தமிழ் முஸ்லிம்கள், காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்துல இருந்து வியாபாரத்துக்கு வந்தவங்க. எங்க வீட்டுல தமிழ்தான். திருவல்லிக்கேணி முஸ்லிம்கள் வேற, அவங்க வீட்டுல உருது. அங்க ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜா சேப்பாக்கத்துல அரண்மனை கட்டிக் குடியேறினார், கூடவே அவரைச் சார்ந்த ஜனங்களும் வந்தாங்க. பெரிய மசூதி 1795. ரமலான்ல எங்க கஞ்சிக்கும் அவங்க இஃப்தார் தட்டுக்கும் நிறைய வித்தியாசம். "சென்னை முஸ்லிம்"னு ஒரே வரியில எழுதறவங்க ரெண்டு தெருவையும் நடந்து பார்க்கலைன்னு அர்த்தம்.

அந்தப் பெரிய மசூதியில நோன்பு திறக்கறவங்களுக்கு வருஷா வருஷம் சைவச் சாப்பாடு கொண்டுவந்து பரிமாறறது யாருன்னா, பிரிவினையில சிந்துவை விட்டு வந்த சிந்திக் குடும்பங்க. தலையில குல்லா போட்டுக்கிட்டு பக்கெட்டோட நிப்பாங்க. போய்ப் பாருங்க, தானா மனசு நிறையும்.

#4 தங்கசாலை_வாசி

மண்ணடி பாய் எழுதியதைப் படித்ததும் நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது. எங்கள் தாத்தா ராஜஸ்தானில் பாலி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அடகுக் கடைக்குக் கணக்கெழுத வந்தார். நான் பிறந்தது யானைக்கவுனி. பள்ளிக்கூடத்தில் முதல் பாடம் தமிழ். கனவு கூடத் தமிழில்தான் வருகிறது. ஆனாலும் ஆட்டோவில் ஏறினால் "எந்த ஊரு சேட்டு?" என்றுதான் கேட்கிறார்கள்.

சௌகார்பேட்டை என்றால் மார்வாடி என்று முடித்துவிடுகிறார்கள். எங்கள் தெருவில் மட்டும் சொல்கிறேன்: ஓஸ்வால் ஜைனர்கள், அகர்வால்கள், குஜராத்திகள், தெலுங்கு பேசும் ஆரிய வைசியர்கள், மூன்று தலைமுறையாக எங்களுக்குக் கடை வாடகைக்குக் கொடுத்திருக்கும் ஒரு தமிழ் முதலியார் குடும்பம். கொத்தவால் சாவடி மார்க்கெட்டே கன்னிகா பரமேசுவரி தேவஸ்தானத்தாரின் இடத்தில் நடந்தது. 1996இல் காய்கறி கோயம்பேட்டுக்குப் போன பிறகு தெருவில் லாரி குறைந்தது, ஆனால் மூட்டை தூக்கியவர்களின் வீடுகளில் அடுப்பும் குறைந்தது. அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

எங்களுக்கு முன்னால் இங்கே இருந்தவர்களையும் சொல்ல வேண்டும். ஏழுகிணறு வீராசாமி தெருவில்தான் வள்ளலார் வாழ்ந்தார். நடந்து போகிற தூரத்தில் கந்தகோட்டம், அங்கே நின்று தெய்வமணிமாலை பாடினார். அந்த ஏழு கிணறுகள் 1772இல் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்கத் தோண்டியவை. ஊருக்குள் முதலில் குழாய்த் தண்ணீர் போன இடம் எங்கள் பக்கம். இன்று லாரித் தண்ணீருக்கு நிற்கிறோம்.

புரட்டாசியில் திருப்பதிக்குக் குடை போகும். சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பி, வால்டாக்ஸ் ரோடு வழியாக வந்து சாயங்காலம் கவுனி தாண்டும். "கோவிந்தா" என்ற சத்தம் எங்கள் மாடி வரை அதிரும். எங்கள் அம்மா ஜைனர். அன்று வாசலில் நீர்மோர் அண்டா வைத்துவிட்டுக் குடைக்காகக் காத்திருப்பார். அடுத்த நாளிலிருந்து அவருக்கு வழக்கம்போல வெயில் சாய்வதற்குள் சாப்பாடு முடிய வேண்டும்.

சாப்பாடு என்றதும் எல்லோரும் கேட்பது முறுக்கு சாண்ட்விச். ரொட்டிக்குப் பதில் இரண்டு தட்டை முறுக்கு. நடுவில் தக்காளி, வெள்ளரி, வெங்காயம், கொத்தமல்லி சட்னி, கொஞ்சம் சீஸ் துருவல். கடித்தவுடன் முறுக்கு உடைந்து சட்னி கை வழியே இறங்கும். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் இப்படி ஒரு பண்டம் கிடையாது. தமிழ் முறுக்கும் எங்கள் சட்னியும் தங்கசாலைத் தெருவில்தான் சந்தித்தன.

#5 பிவிகாலனி

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். வியாசர்பாடில இருந்து எழுதறேன். எங்க பேட்டையைப் பத்தி யாராவது எழுதுவாங்கன்னு பார்த்தேன், நானே எழுதிடறேன்.

எங்க பாட்டி ரங்கூன்ல பொறந்தவங்க. 1962ல நே வின் ஆட்சியைப் பிடிச்சார். அடுத்த ரெண்டு வருஷத்துல கடை, மில்லு எல்லாம் அரசாங்கத்துக்குன்னு ஆயிடுச்சு. நகை, காசு எதையும் இஷ்டத்துக்கு எடுத்துட்டு வர விடலை. கப்பல் கப்பலா வந்தாங்க. தமிழ்நாட்டுக்கு மட்டும் லட்சத்துக்கும் மேல. அதுல ஒரு பங்கு வியாசர்பாடி. திரும்பி பர்மாவுக்கே போயிடலாம்னு தரைவழியாக் கிளம்பினவங்களும் இருக்காங்க. எல்லையில தடுத்துட்டதால மணிப்பூர்ல மோரேயிலயே தங்கிட்டாங்க. அங்க இன்னிக்கும் தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருக்கு.

இங்க வந்தவங்களுக்குப் பொழைப்புக்குன்னு பீச் ஸ்டேஷன் எதிர்ல கடை போட்டுக்க இடம் கொடுத்தாங்க, அதுதான் பர்மா பஜார். ஊரே டிரான்சிஸ்டரும் டேப் ரெக்கார்டரும் வாங்க அங்க வந்துச்சு. சாயந்திரமானா பக்கத்துலயே அத்தோ வண்டி, அதான் பர்மா நூடுல்ஸ்.

அத்தோ எல்லாரும் சாப்பிட்டிருப்பீங்க, போடறதை நின்னு பார்த்திருக்க மாட்டீங்க. ஆரஞ்சு கலர் நூடுல்ஸ் ஒரு கைப்பிடி, நறுக்கின முட்டைகோஸ், வெங்காயம். மேல பொரிச்ச வெங்காயம், பூண்டு எண்ணெய், வறுத்த மாவு, காய்ஞ்ச மிளகாத் தூள், புளித்தண்ணி, உப்பு. கரண்டி கிடையாது, கையாலதான் பிசையணும். புளித்தண்ணி ஒரு சொட்டு கூடினாலும் மாவு கட்டி தட்டிடும். பக்கத்துல வாழைத்தண்டு சூப்பு கொதிச்சுக்கிட்டே இருக்கும், அதைக் குடிக்கக் காசு தனியா வாங்க மாட்டாங்க. முட்டையை ரெண்டாக் கீறி நடுவுல பொரிச்ச வெங்காயத்தை அடைச்சுப் புளித்தண்ணி ஊத்தறது முட்டை மசாலா. காலைல மொய்ங்கா, பர்மாவோட மீன் குழம்பு நூடுல்ஸ். எங்க வீட்டுல பாட்டி இருந்தவரைக்கும் ஞாயித்துக்கிழமை இட்லி கிடையாது, மொய்ங்காதான்.

பாட்டி சொல்வாங்க: ஒரே கப்பல்ல வந்தவங்க ஒரே வரிசையில வீடு வாங்கினாங்க, அதனாலதான் பர்மா பேச்சும் சமையலும் தங்குச்சுன்னு. ஆளுக்கு ஒரு மூலையில போட்டிருந்தா ஒரே தலைமுறையில எல்லாம் மறந்திருக்கும்.

#6 டிமெல்லோஸ்ரோடு

எல்லாம் நல்லாத்தான் இருக்கு தோழர்களே. முறுக்கு, அத்தோ, கஞ்சி. ஆனா யாரு எந்தப் பேட்டையில இருக்கணும்னு முடிவு பண்ணது எதுன்னு ஒருத்தரும் சொல்லலை. சாதி.

#1ல "வேலை ஒண்ணு, பேட்டை ஒண்ணு"ன்னு எழுதியிருக்கார். வெளுக்கற வேலைக்கு எந்த ஜனங்களைக் கொண்டுவந்தான்? அந்த ஜனங்க வேற பேட்டையில வீடு எடுக்க முடிஞ்சுதா? மெட்ராஸ் தொடக்கத்துல இருந்தே வலங்கை, இடங்கைன்னு ரெண்டு சாதி அணியாப் பிரிஞ்சு அடிச்சுக்கிட்ட ஊர். 1707ல எந்தத் தெருவுல யாரு ஊர்வலம் போறதுன்னு சண்டை முத்திப்போய், வலங்கைக்காரங்க ஊரை விட்டே சாந்தோம் பக்கம் போயிட்டாங்க. கவர்னர் பிட் உட்கார்ந்து ரெண்டு தரப்புக்கும் தெருவைப் பிரிச்சுவிட வேண்டியிருந்துச்சு. நீங்க பாரம்பரியம்னு சொல்ற அந்தத் தெரு எல்லை அப்படி வந்ததுதான்.

எங்க புளியந்தோப்பு கதை அதைவிடக் கொடுமை. 1921ல பக்கிங்காம் கர்நாட்டிக் மில் வேலைநிறுத்தம். நம்ம ஜனங்கள்ல, அதாவது தலித்துங்கள்ல, ஒரு பகுதி வேலைக்குத் திரும்பினாங்க, பசி தாங்காம. சாதி இந்துத் தொழிலாளிங்களுக்கும் அவங்களுக்கும் கலவரம். குடிசைங்க எரிஞ்சுது, துப்பாக்கிச் சூடு நடந்துச்சு. எங்க தாத்தாவோட அப்பா அந்த வருஷத்துல வீடு இழந்தவர். ஒரே மில்லு, ஒரே சங்கு, ஆனா சங்கு ஊதினதும் ஆளாளுக்கு வேற வேற சேரிக்குத்தான் போனாங்க.

அதனால "தனித்தனி சமூகம், தனித்தனி அழகு"ன்னு பேசும்போது கொஞ்சம் பார்த்துப் பேசுங்க. தனியா இருந்தவங்க எல்லாரும் விரும்பித் தனியா இருக்கலை.

#7 தங்கசாலை_வாசி

@டிமெல்லோஸ்ரோடு நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். கூடவே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டியது என் கடமை. எங்கள் பக்கம் வீடு வாடகைக்குப் போர்டு மாட்டும்போது "சைவம் மட்டும்" என்று எழுதுவார்கள். சமையல் வாசனைக்காக என்று சொல்வார்கள். வாசலில் பெயரைக் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். இது எங்கள் பேட்டையின் பெருமை இல்லை. எங்கள் சங்கக் கூட்டத்தில் இதை எழுப்பினேன், பெரியவர்கள் பதில் சொல்லவில்லை. மறுபடி எழுப்புவேன்.

#8 மடிப்பாக்கம்

வாடகை விஷயம் தென்சென்னையிலும் அதேதான். அபார்ட்மென்ட் விளம்பரத்தைப் பார்த்தாலே தெரியும். பேட்டை பேர் போயிடுச்சு, கேள்வி போகலை.

#9 மட்டுறுத்துநர்

விவாதம் நல்லாப் போகுது. சாதிப் பேரைச் சொல்லித் திட்டின ரெண்டு பதிவு நீக்கப்பட்டது. மத்தது அப்படியே இருக்கட்டும்.

#10 லோகோஒர்க்ஸ்

நான் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரம்பூர். தம்பி புளியந்தோப்பு சொன்னது உண்மை, அதை மறைத்துப் பேச முடியாது. அதே மில்லில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1918 ஏப்ரல் 27, மெட்ராஸ் லேபர் யூனியன். இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்வார்கள். வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் பெரம்பூரில் கூட்டம் போட்டார்கள். சாப்பிடக்கூட நேரம் கொடுக்காத மில் அது. மூன்றே வருடத்தில் சாதி அந்தச் சங்கத்தை இரண்டாகக் கிழித்தது என்பதுதான் வேதனை. மில் 1996இல் மூடியது.

பெரம்பூர் மூன்று பேரால் ஆன ஊர். மில் ஆட்கள், ரயில்வே ஆட்கள், ஆங்கிலோ இந்தியர்கள். லோகோ ஒர்க்ஸ், கேரேஜ் ஒர்க்ஸ், அப்புறம் 1955 அக்டோபர் 2இல் நேரு திறந்துவைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலை ஐ.சி.எஃப். ஷிஃப்ட் சைரன்தான் எங்களுக்குக் கடிகாரம். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் டிரைவர், கார்டு பாதிப் பேர் ஆங்கிலோ இந்தியர்கள். ஞாயிறு மத்தியானம் அந்த வரிசையில் நடந்தால் தேங்காய்ப்பால் மஞ்சள் சோறும் உருண்டைக் கறியும் மணக்கும். கூடவே டெவில் சட்னி: பச்சை வெங்காயம், காய்ந்த மிளகாய், வினிகர், சர்க்கரை சேர்த்து அரைத்தது, ரத்தச் சிவப்பாக இருக்கும். கிறிஸ்துமஸ் வாரத்தில் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் டான்ஸ். எங்கள் வீட்டுப் பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள், உள்ளே போக விடமாட்டோம். ஹாக்கியில் அவர்கள் பையன்களை எங்களால் ஜெயிக்க முடிந்ததே இல்லை.

ஒவ்வொரு குடும்பமாக ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். சட்டமன்றத்தில் அவர்களுக்கு இருந்த நியமன இடமும் 2020 ஜனவரியோடு முடிந்தது. பெரம்பூர் லூர்து மாதா கோயிலில் ஆங்கிலப் பூசைக்குப் போனால் மீதமிருப்பவர்களைப் பார்க்கலாம்.

தம்பி பிவிகாலனி பாட்டி சொன்னது சரி. ஒரே வேலைக்கு வந்து ஒரே வரிசையில் குடியிருந்ததால்தான் அத்தனையும் நிலைத்தது. வேலை போன பிறகு வரிசையும் கலைந்தது.

#11 பிவிகாலனி

ஐயா, நான் தங்கச்சி :) உருண்டைக் கறி செய்முறை தெரிஞ்சா எழுதுங்களேன்.

#12 மடிப்பாக்கம்

ஒரு சந்தேகம். மெரினா இவ்வளவு அகலமா இருக்கு. ராயபுரம், காசிமேட்டுப் பக்கம் போனா மணலே இல்லை, பாறாங்கல்தான் கொட்டியிருக்கு. அங்க பீச் எப்பவுமே கிடையாதா?

#13 காசிமேட்டுக்காரன்

இன்னா கேள்வி கேட்டுக்கீற நைனா! இதுக்காகவே லாகின் பண்ணேன்.

எங்களுக்கும் மணல் இருந்துச்சு. எங்க ஆயா காலத்துல கரையில வலை காய வெச்சு, கட்டுமரம் இழுத்து வுட்டு, அதுக்கு அப்பால கோலி ஆடுவாங்களாம். அத்த துன்னது ஹார்பர். இந்தக் கடல்ல வருஷத்துல முக்காவாசி நாளு மணலு தெக்கால இருந்து வடக்கால போய்க்கினே இருக்கும். 1870கள்ல ஹார்பருக்குக் கல்லு போட ஆரம்பிச்சான், 1881 புயல்ல பாதி ஒடஞ்சுது, மறுபடி கட்னான். அந்தக் கல்லு சுவரு மணலைத் தடுத்துடுச்சு. தெக்கால தேங்கினது மெரினா ஆயிடுச்சு. வடக்கால வர வேண்டிய மணலு வரல, அலை மட்டும் வந்துச்சு. வருஷா வருஷம் குப்பத்தை அரிச்சுது. அப்பால கல்லு கொட்னாங்க. நீங்க சாயந்தரம் சுண்டல் துன்னுற மணலு எங்க கரையோடது. இதைக் கோவத்துல சொல்லல, தெரிஞ்சுக்கணும்னு சொல்றேன்.

ஹார்பர் வர்றதுக்கு மிந்தி கப்பலு கரைக்கு வராது. மசூலா படகு கட்டி அலையைத் தாண்டி மூட்டையும் ஆளும் எறக்கினது எங்க ஜனம். ராயபுரம் ராயப்பர் கோயிலு படகுக்காரங்க துட்டு போட்டுக் கட்னது. ஹார்பர் வந்ததும் அந்தத் தொழிலு போச்சு. மீன் மட்டும் மிச்சம்.

குப்பமும் ஒண்ணு இல்ல. காசிபுரம், ஜீவரத்தினம் நகர், சிங்காரவேலர் நகர், பவர் குப்பம், பனைமரத்தொட்டி, ஒவ்வொண்ணுக்கும் தனி நாட்டாமை, தனிப் பஞ்சாயத்து. பெரிய விசைப்படகு லாஞ்சுக்காரன் வேற, சின்ன ஃபைபர் படகுக்காரன் வேற. ஏப்ரல் 15ல இருந்து 61 நாளு தடைக்காலம் லாஞ்சுக்கு; அப்போ ஃபைபர்காரனுக்கு வஞ்சிரம் நல்ல வெலைக்குப் போவும். விடியக்காலை மூணு மணிக்கு வந்து பாரு. ஆம்பள வலையில இருந்து எடுத்துப் போடுவான், அதோட அவன் வேலை முடிஞ்சுது. ஏலம் எடுக்குறது, கூறு கட்டுறது, வெலை பேசுறது எல்லாம் பொம்பளைங்க. சங்கராவைச் செவுளைத் தூக்கிப் பாத்துட்டு ஒரே வார்த்தையில வெலை சொல்லும் எங்க அம்மா. அப்பால எறங்காது.

ராயபுரத்துல பார்சிக்காரங்க கோயிலும் கீது, தெரியுமா? 1910ல கட்னது. தமிழ்நாட்டுல அவங்களுக்கு வேற கோயிலு இல்ல. அந்தத் தெரு ஆளுங்களே நெறைய பேரு அது இன்னான்னு தெரியாம தாண்டிப் போறாங்க.

அப்பறம், இந்தியாவுல முதல் மே தினம் 1923ல கொண்டாடினாரே சிங்காரவேலர், அவரு மீனவக் குடும்பம். அதையும் பாடத்துல கொஞ்சம் பெருசாப் போடலாம்.

#14 பழையவண்ணை

காசிமேட்டு அண்ணே, மணல் கணக்கு சொன்னீங்க பாருங்க, இதுக்காகத்தான் இழையே ஆரம்பிச்சேன்.

விளையாட்டையும் சேர்த்துக்கறேன். 2024ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்கின காசிமா எங்க புது வண்ணாரப்பேட்டைப் பொண்ணு, அப்பா ஆட்டோ ஓட்டறவர். 2008 உலக சாம்பியன் இளவழகி வியாசர்பாடி. படத்துல வர்ற கேரம் போர்டுக்குப் பின்னாடி இப்படிப் பட்டவங்க இருக்காங்க.

#15 ஏழாவதுமாடி

இவ்வளவு நேரம் படிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். நான் இப்போ பெரும்பாக்கம். அதுக்கு முன்னாடி கூவம் கரை. எங்களோடது பேட்டைன்னு எந்த மேப்லயும் இருந்திருக்காது. ஆனா ஒரு ஊருக்கு வேணுங்கறது எல்லாம் எங்ககிட்ட இருந்துச்சு.

பந்தல் போடறவங்க ஒரு வரிசை. சென்ட்ரிங் வேலைக்காரங்க ஒரு வரிசை. வீட்டு வேலைக்குப் போற அக்காங்க காலைல அஞ்சரைக்கு ஒண்ணாக் கிளம்பி நடந்தே போவாங்க, குழந்தைங்களை எங்க அம்மாகிட்ட விட்டுட்டு. அம்மாவுக்கு அதுக்குக் காசு கிடையாது. யாராவது செத்தா தூக்க ஆள் தேட வேண்டியதில்லை. வெள்ளம் வந்தா யார் வீட்டுல நடக்க முடியாத பாட்டி இருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியும், முதல்ல அவங்களைத்தான் தூக்குவாங்க.

காலி பண்ணச் சொன்னப்போ வீடு கொடுத்தாங்க, நான் இல்லைன்னு சொல்லலை. எட்டடுக்குக் கட்டடம், லிஃப்ட், கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே. ஆனா வீட்டைக் குலுக்கல்ல பிரிச்சாங்க. எங்க வரிசையில இருந்த குடும்பங்க வேற வேற பிளாக்குக்குப் போயிடுச்சு. அம்மா இருக்கற மாடியில யாரையும் அவங்களுக்குத் தெரியாது. அக்காங்கள்ல நிறைய பேருக்குப் பழைய வேலை வீடு இருபத்தஞ்சு கிலோமீட்டர் தள்ளி. பஸ்ஸுக்கே ரெண்டு மணி நேரம். வேலையை விட்டுட்டாங்க.

தோழர் டிமெல்லோஸ் சொல்றார், தனித்தனியா வெச்சது சாதின்னு. சரிதான். எங்க ஜனங்களும் பெரும்பாலும் அதே சாதிதான். ஆனா பிரிச்சுப் போட்டப்போ சாதி போகலை அண்ணா. வேலை கேட்டுப் போனா "பெரும்பாக்கமா"ன்னு கேக்கறாங்க. கூட இருந்தவங்கதான் போனாங்க.

#16 டிமெல்லோஸ்ரோடு

@ஏழாவதுமாடி உங்க கடைசி ரெண்டு வரியை மூணு தடவை படிச்சேன். நான் கேக்கறது எல்லாரும் எங்க வேணும்னாலும் வீடு எடுக்கற உரிமை. நீங்க சொல்றது சேர்ந்து இருக்கறவங்களை யாரும் பிரிக்காம இருக்கற உரிமை. ரெண்டும் ஒரே சண்டைதான்னு எனக்குத் தோணுது. யாரு எங்க இருக்கணும்னு அந்த ஜனங்களைக் கேக்காமலே இன்னொருத்தர் முடிவு பண்றாங்க. 1707லயும் அதான், இப்பவும் அதான்.

#17 பிவிகாலனி

எங்களுக்கு வரிசையாக் கொடுத்தாங்க, உங்களுக்குக் குலுக்கல்ல கொடுத்தாங்க. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனா அதுக்குள்ள எவ்வளவு அடங்கியிருக்கு! ஒரே கரையில இருந்து வர்றவங்களுக்கு ஒரே பிளாக்னு கேட்டா கொடுக்க முடியாதா? காசும் கூடச் செலவாகாதே. அக்கா, அங்க சின்னப் பசங்க எப்படி இருக்காங்க?

#18 ஏழாவதுமாடி

பசங்க பரவாயில்லைம்மா. அவங்களுக்கு மாடிதான் ஊர். பக்கத்துல கண்ணகி நகரைப் பாருங்க, 2000ல இருந்து இப்படித்தான் கொண்டுவந்து விட்டாங்க, ஒரு தலைமுறை பட்ட பாடு கொஞ்சமில்லை. அந்த மண்ணுல கபடி ஆடக் கத்துக்கிட்ட கார்த்திகாதான் 2025ல ஆசிய இளையோர் விளையாட்டுல தங்கம் வாங்கின இந்திய அணியில ஆடுச்சு. அன்னிக்கு எங்க பிளாக்லயும் வெடி போட்டாங்க.

நான் வேற ஒரு உதவி கேக்கத்தான் வந்தேன். கூவம் கரையில எங்க அம்மன் கோயில் மட்டும் இன்னும் இருக்கு. சின்னதுதான், ஓடு போட்டது. ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எல்லா பிளாக்ல இருந்தும் வந்து கூழ் ஊத்தறோம். எங்க வரிசை ஆளுங்களை மொத்தமாப் பார்க்கறது அன்னிக்கு மட்டும்தான். இப்போ அதையும் எடுக்கணும்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. யாருக்காவது வக்கீல் தெரியுமா?

#19 மண்ணடி_600001

சகோதரி, முதல்ல நோட்டீஸை நாலு பக்கமும் தெளிவா போட்டோ எடுங்க. எந்தச் சட்டப் பிரிவுல கொடுத்திருக்காங்க, பதில் சொல்ல எத்தனை நாள், கையெழுத்து யாரோடதுன்னு பாருங்க. அந்த நாளுக்குள்ள எழுத்துல ஆட்சேபணை கொடுத்து ரசீது வாங்கிக்கங்க. கோயில் எவ்வளவு காலமா இருக்குன்னு காட்ட என்ன இருந்தாலும் சேருங்க: பழைய திருவிழா நோட்டீஸ், கரண்ட் பில், பந்தல் பில், தேதி தெரியற கல்யாண போட்டோ. ஹைகோர்ட் வளாகத்துலயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, பெண்களுக்கு வக்கீல் இலவசம். நான் தம்பு செட்டி தெருவுலதான் கடை வெச்சிருக்கேன், அங்கிருந்து நடந்து போற தூரம். திங்கட்கிழமை காலைல வாங்க, கூட வர்றேன்.

#20 காசிமேட்டுக்காரன்

நானும் வரேன் பாய். தடைக்காலம்தான், சும்மாத்தான் கீறேன். கூழுக்குக் கருவாடு எங்க குப்பத்துல இருந்து அனுப்பிடறேன் தங்கச்சி, தேதி மட்டும் சொல்லு.